பிரசவமான வீட்டுக்குச் செல்லும்போது முக்கால் மணி நேரத்தில் எதை, எந்த வரிசையில் பார்ப்பது?

புதுக்குழு (கேள்வி)

பிரசவமான வீடுகளுக்கு நேரில் போய்த் தாயையும் குழந்தையையும் பார்த்துவரும் களப்பணியாளர்களுக்குப் பயிற்சிக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். இவர்கள் செவிலியர் அல்ல, அடிப்படைப் பயிற்சி பெற்றவர்கள். ஒரு வீட்டுக்கு முக்கால் மணி நேரம். கையில் இருப்பவை டிஜிட்டல் தெர்மாமீட்டர், தூளியுடன் தொங்கு தராசு, தானியங்கி பிபி கருவி, ஒரு படிவம்.

சிக்கலே அந்தப் படிவத்தில்தான். எடை முதலில், வெப்பநிலை அடுத்து, மூச்சு எண்ணிக்கை அதற்கும் பிறகு. அந்த வரிசையில் போனால் துணி அவிழ்த்த குழந்தை வீறிட்டு அழுகிறது. அதன்பின் எண்ணும் மூச்சு 70, 75 என்று வந்து வீட்டாரையும் பணியாளரையும் சேர்த்துப் பயமுறுத்துகிறது. தாயைப் பற்றிய கேள்விகள் கடைசிப் பக்கத்தில் இருப்பதால் அங்கே போய்ச் சேரும்போது நேரம் தீர்ந்துவிடுகிறது.

எந்த வரிசை சரி? எடை எவ்வளவு குறைந்தால் கவலைப்பட வேண்டும்? வீட்டார் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது தாயின் மனநிலையை எப்படி விசாரிப்பது? "உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சொல்லிவிட்டு வந்தால், மறுநாளும் குழந்தை வீட்டிலேயே இருக்கிறதே, அதற்கு என்ன வழி? கடைசியாக ஒன்று: "மூன்றாம் நாள் சந்திப்பு" என்பதில் பிறந்த நாளையும் சேர்த்து எண்ணுவதா?

தொட்டில்பக்கம்

படிவத்தின் வரிசை, தகவலைக் கணினியில் ஏற்றுபவரின் வசதிக்காக வந்தது. வீட்டுக்குள் அதைப் பின்பற்றவே வேண்டாம். கை படாமல் தெரிவதெல்லாம் முதலில், கை பட வேண்டியது அடுத்து, துணி அவிழ்க்க வேண்டியது கடைசியில். படிவத்தைக் கிளம்பும் முன் நிரப்பிக்கொள்ளலாம்.

போனதும் குழந்தை தூங்குகிறதா என்று பாருங்கள். தூங்கினால் மூச்சு எண்ண அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. சட்டையை மட்டும் மெல்ல மேலே தூக்கிவிடச் சொல்லுங்கள். வயிறும் நெஞ்சின் கீழ்ப்பகுதியும் தெரிந்தால் போதும். ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கும் பழக்கம் பச்சிளங்குழந்தையிடம் ஏமாற்றிவிடும். அதன் மூச்சு சீராக வராது: சில விநாடி வேகம், சில விநாடி கிட்டத்தட்ட நின்றது போல, மறுபடி வேகம். எந்தத் துண்டு உங்களுக்கு மாட்டியதோ அதுதான் நாலு மடங்காகும். கடிகாரத்தையும் வயிற்றையும் ஒரே சமயத்தில் பார்க்க முடியாது என்பதால் கைபேசியில் ஒரு நிமிட அதிர்வு வைத்துக்கொண்டு கண்ணை வயிற்றிலேயே வையுங்கள். 60 அல்லது அதற்கு மேல் வந்தால் சற்றுப் பொறுத்து இன்னொரு முழு நிமிடம். இரண்டாம் தடவையும் 60 தொட்டால் அது அபாய அறிகுறி. அழும்போதும் பால் குடிக்கும்போதும் எண்ணியதைப் பதிவு செய்யவே கூடாது. எண்ணும்போதே விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்வாங்குகிறதா என்றும் கவனியுங்கள். இந்த வயதில் நெஞ்சுக்கூடு மென்மையானது, லேசாக உள்ளே போவது இயல்பு. ஒவ்வொரு மூச்சுக்கும் ஆழமாக, எட்ட நின்றாலே தெரியும்படி குழிவது இயல்பல்ல. முனகலும் அப்படித்தான்.

பிறகு கை கழுவிவிட்டு வெப்பநிலை. தெர்மாமீட்டர் முனை அக்குளின் நடுவில், தோலைத் தொட்டபடி இருக்க வேண்டும்; துணி இடையில் வந்தால் குறைத்துக் காட்டும். கையை உடம்போடு சேர்த்துப் பிடித்து, ஒலி வரும்வரை எடுக்காதீர்கள். 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் வரை சரி. 36.5க்குக் கீழே போனால் தாயின் மார்பில் தோலோடு தோலாக வைத்து, தலைக்குக் குல்லா போட்டு, இருவரையும் சேர்த்துப் போர்த்தி, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். 35.5க்குக் கீழே என்றால் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியதுதான். காய்ச்சல் என்றால் பதறும் பலர், குழந்தை குளிர்ந்திருந்தால் "காத்து பட்டிருக்கும்" என்று விட்டுவிடுகிறார்கள். இந்த வயதில் தொற்று காய்ச்சலாகவும் வரும், குளிர்ச்சியாகவும் வரும். 37.5க்கு மேல் காட்டி, குழந்தை மூன்று நாலு சுற்றுப் போர்வைக்குள் இருந்தால், போர்வையைக் குறைத்து அதே சந்திப்புக்குள் மறுபடி எடுங்கள். இறங்காவிட்டால் அனுப்புங்கள்.

தோலில் மஞ்சள் (காமாலை) தெரிகிறதா என்பதை ஜன்னல் ஓரம், பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மஞ்சள் பல்பு எரியும் அறையில் எல்லாக் குழந்தையும் மஞ்சள்தான். நெற்றியை விரலால் அழுத்தி எடுத்த நொடியில் தெரியும் நிறத்தைப் பாருங்கள். தோல் கறுத்த குழந்தைக்கு ஈறும் வெண்விழியும் இன்னும் நம்பகமானவை. பிறந்து 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, எந்த நாளிலும் உள்ளங்கை, உள்ளங்கால் மஞ்சளாக இருந்தாலோ அன்றே மருத்துவமனை. இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் நீடித்தால் மலத்தின் நிறத்தைக் கட்டாயம் கேளுங்கள். வெளிறிய, சுண்ணாம்பு நிற மலமும் அடர் மஞ்சள் சிறுநீரும் பித்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். அதற்கான அறுவை சிகிச்சை தள்ளிப்போகப் போகப் பலன் குறையும்.

தொப்புளில் எதுவும் தடவாமல் உலர்ந்திருந்தால் நல்லது. சுற்றுத்தோலுக்குச் சிவப்பு பரவினாலோ சீழ் வந்தாலோ அனுப்புங்கள். எடை போடுவது மற்றதெல்லாம் முடிந்த பிறகு.

தராசு

எடையைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அதிக வீண்பதற்றம் அதில்தான்.

முதல் சில நாளில் குழந்தை எடை குறைவது இயற்கை. பிறந்த எடையில் 7 சதவீதம் வரை குறைந்தால் பால் குடிப்பதைக் கவனித்துக்கொண்டு காத்திருக்கலாம். 10 சதவீதத்தைத் தொட்டால் அன்றே ஒரு மருத்துவர் பார்க்க வேண்டும். 3,000 கிராமில் பிறந்த குழந்தைக்கு இவை முறையே 2,790, 2,700. இந்தக் கணக்கைக் களத்தில் போட வைக்காதீர்கள். 2,000 முதல் 4,000 வரை ஐம்பது ஐம்பது கிராமாக ஓர் அட்டவணை அச்சடித்துத் தராசுப் பையிலேயே வைத்துவிடுங்கள். ஐந்தாம் நாளுக்கு மேலும் இறங்கிக்கொண்டே போகக் கூடாது. இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பியிருக்க வேண்டும், அதன்பின் முதல் மாதங்களில் நாளொன்றுக்குச் சுமார் 20 முதல் 30 கிராம் கூடும்.

இங்கேதான் கருவியின் வரம்பு வருகிறது. 100 கிராம் கோடு போட்ட தொங்கு தராசில் ஒரு நாள் ஏற்றம் தெரியவே தெரியாது. "நேத்து மாதிரியே இருக்கு, ஏறவே இல்லை" என்று தாய் கலங்கி, புட்டிப்பால் தொடங்கிவிடுவதுதான் மிச்சம். தினமும் எடை போடாதீர்கள். ஒரு சந்திப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் சில நாளாவது போனால்தான் அந்தத் தராசு ஏதாவது சொல்லும். மருத்துவமனைத் தராசும் உங்கள் தராசும் ஒத்துப்போகும் என்ற உத்தரவாதமும் இல்லை, அதனால் எந்தத் தராசு என்பதைப் பதிவில் குறியுங்கள்.

தூளியைக் கொக்கியில் மாட்டிய பிறகு முள்ளைப் பூச்சியத்துக்குக் கொண்டுவர வேண்டும், வெறும் கொக்கியோடு அல்ல. முள் கண்ணுக்கு நேர்மட்டத்தில் இருக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் ஒரு எண், கீழிருந்து பார்த்தால் இன்னொன்று. உட்கார்ந்தபடி, மெத்தை விரிப்புக்கு மேல் ஒரு சாண் உயரத்துக்கு மட்டும் தூக்குங்கள். நின்றுகொண்டு தூக்குவது ஆபத்து. ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை அணைத்து, போர்வையைத் தயாராக விரித்துவிட்டு அவிழ்த்தால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். தூளி வீட்டுக்கு வீடு துவைத்ததாக இருக்கட்டும்.

தராசைவிடத் தினசரி நம்பத்தக்கது சிறுநீர். நாலைந்தாம் நாளிலிருந்து 24 மணி நேரத்தில் ஆறு முறையாவது நனைய வேண்டும். துணி என்றால் தாய்க்கே எண்ணிக்கை தெரியும். டயப்பரில் ஈரம் தெரியாது; காய்ந்த டயப்பரில் மூன்று மேசைக்கரண்டித் தண்ணீர் ஊற்றி, "இந்தக் கனம் வந்தா ஒரு தடவைன்னு வச்சுக்குங்கம்மா" என்று கையில் கொடுத்துக் காட்டினால் போதும். கறுப்பு மலம் நாலைந்து நாளில் மஞ்சளாக மாறிவிட வேண்டும். முதல் இரண்டு நாள் துணியில் செங்கல் பொடி போன்ற கறை வந்தால் பயமில்லை. அதற்கு மேலும் தொடர்ந்தால் பால் போதவில்லை என்று எடுத்துக்கொண்டு, பால் குடிப்பதை உட்கார்ந்து பாருங்கள்.

பார்ப்பது என்றால் குறைந்தது நாலு நிமிடம். வாய் நன்றாகத் திறந்திருக்க வேண்டும், தாடை மார்பைத் தொட வேண்டும், கீழ் உதடு வெளிப்பக்கம் மடிந்திருக்க வேண்டும், காம்பைச் சுற்றிய கருவட்டம் கீழே தெரிவதைவிட மேலே அதிகம் தெரிய வேண்டும். மெதுவாக, ஆழமாக உறிஞ்சி, இடையிடையே நிறுத்தி விழுங்கும் ஓசை கேட்டால் சரியாகப் போகிறது. கன்னம் குழிந்து, சப்புக்கொட்டும் சத்தம் வந்தால் பிடிப்பு சரியில்லை. விரலை வாயோரம் விட்டுப் பிடிப்பை விடுவித்து மறுபடி வைக்கச் சொல்லுங்கள்.

முதலில்தாய்

தொட்டில்பக்கம் சொன்னதில் மருத்துவமாக ஒரு தவறும் இல்லை, ஆனால் வரிசையில் எனக்கு உடன்பாடில்லை. குழந்தை தூங்கினால் மூச்சை எண்ணிவிடுங்கள், சரி. அதற்கு அடுத்தது தாய்தான். குழந்தைக்காக எல்லோரும் வருகிறார்கள், தாயை யாரும் பார்ப்பதில்லை. நேரம் தீர்ந்தால் விடுபடப்போவது கடைசியில் இருப்பதுதான் என்று கேள்வியிலேயே வந்துவிட்டது. குழந்தையின் எடை விடுபட்டால் அடுத்த முறை பார்க்கலாம். தாயின் ரத்த அழுத்தம் அப்படி இல்லை.

பிரசவத்துக்குப் பின் ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே வரும் என்று பலர் நினைக்கிறார்கள். மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரை அது ஏறுவதுதான் வழக்கம். கர்ப்பத்தில் சரியாக இருந்தவருக்கும் அப்போது ஏறலாம், வலிப்பும் வரலாம். பார்க்கும் முன் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வேண்டும். முதுகுக்குச் சாய்மானம், பாதம் தரையில், கை நெஞ்சு மட்டத்தில். சிறுநீர் அடக்கிக்கொண்டிருந்தாலோ பேசிக்கொண்டிருந்தாலோ அளவு கூடிக் காட்டும். கையில் சுற்றும் பட்டை சிறிதாக இருந்தாலும் கூடுதலாகத்தான் காட்டும், ஆகவே பெரிய பட்டை ஒன்றும் பையில் இருக்கட்டும். 140/90 தொட்டால் சற்றுப் பொறுத்து மறுபடி எடுங்கள். இறங்காவிட்டால் அன்றே மருத்துவர். 160/110 என்றால் காத்திருக்க ஒன்றுமில்லை, அவசரம். கடும் தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி இருந்தால் எண் என்னவாக இருந்தாலும் அனுப்புங்கள்.

"ரத்தப்போக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டால் "சாதாரணமாத்தான்" என்றே பதில் வரும். "கடைசியா எப்ப பேட் மாத்துனீங்க? முழுசா நனைஞ்சிருந்துச்சா?" என்று கேளுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுக்க நனைந்தால் அவசரம். கெட்ட வாடை, 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கி வலிப்பது, திடீர் மூச்சுத்திணறல், மார்பில் சிவந்து சூடான கட்டி ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். "வேற ஏதாவது தொந்தரவு இருக்கா?" என்ற ஒற்றைக் கேள்வியில் இவற்றில் எதுவும் வெளியே வராது.

காதுகொடு

மனநிலை பற்றி. வீட்டார் இருக்கும் அறையில் அந்தக் கேள்விகளைக் கேட்கவே வேண்டாம். கேட்டால் பொய்யான பதில் பதிவாகும், அது பதிவே இல்லாததைவிட மோசம். தனிமையை உண்டாக்கக் குழந்தை பரிசோதனையையே பயன்படுத்துங்கள். "குழந்தை பால் குடிக்கிறதைப் பார்க்கணும், கொஞ்ச நேரம் அம்மாவும் குழந்தையும் மட்டும் இருந்தா நல்லது" என்றால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இரண்டு பேராகப் போனால் ஒருவர் வெளியே வீட்டாரோடு பேசிக்கொண்டிருக்கலாம்.

பிரசவமான இரண்டு மூன்று நாளில் தொடங்கும் அழுகையும் எரிச்சலும் பெரும்பாலோருக்கு வரும், இரண்டு வாரத்துக்குள் தானே அடங்கும். அதைத் தாண்டி நீடித்தால் மனச்சோர்வு என்று எடுத்துப் பார்க்க வேண்டும். எடின்பரோ கேள்வித்தாள் இதற்காகவே 1987இல் வந்தது. கடந்த ஏழு நாளைப் பற்றிப் பத்துக் கேள்விகள், மொத்தம் 30 மதிப்பெண். 13 அல்லது அதற்கு மேல் வந்தால் அனுப்புவது பல இடங்களில் வழக்கம், சில இடங்களில் 10. உங்கள் குழு எந்த எண்ணை வைத்துக்கொள்கிறது என்பதை அனுப்பப்போகும் மருத்துவரோடு பேசி முன்பே முடிவு செய்யுங்கள். அது நோயைக் கண்டுபிடிக்கும் கருவி அல்ல, சல்லடை மட்டும்.

பத்தாவது கேள்வி தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. மொத்த மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த ஒரு கேள்விக்குப் பூச்சியம் தவிர வேறு எது வந்தாலும் தாயைத் தனியே விட்டுவிட்டுக் கிளம்பக் கூடாது. மேற்பார்வையாளரை அங்கிருந்தே அழைக்க வேண்டும். கூட்டலைப் போட்டுவிட்டு 8தான் என்று படிவத்தை மடித்துவைப்பது அடிக்கடி நடக்கும் தவறு.

இன்னொன்றும் உண்டு. முதல் இரண்டு வாரத்தில் தூக்கமே இல்லாமல், தூக்கம் தேவையே இல்லை என்பது போல, தொடர்பில்லாமல் பேசுவது, குழந்தையை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று சந்தேகிப்பது. இதற்குக் கேள்வித்தாள் எடுக்காதீர்கள். அவசர சிகிச்சை வேண்டிய நிலை. தாயும் குழந்தையும் தனியே இருக்கக் கூடாது.

புதுக்குழு

எல்லோருக்கும் நன்றி. மூச்சு, தாய், வெப்பநிலையும் மஞ்சளும், பால், எடை என்று வரிசையை மாற்றி எழுதுகிறேன். அனுப்பியும் போகாத வீடுகள் பற்றி யாராவது சொல்லுங்கள். "பார்க்கலாம்மா" என்கிறார்கள், அதோடு சரி.

கூடவேபோ

"பார்க்கலாம்மா" என்பது மறுப்புதான், மரியாதைக்காக அப்படிச் சொல்கிறார்கள். அதைச் சம்மதமாக எழுதிக்கொண்டு வருவதில்தான் தவறு தொடங்குகிறது.

முதலில், முடிவெடுப்பவர் யார் என்று தெரிய வேண்டும். தாயிடம் சொல்லிவிட்டு வருகிறோம், பணமும் முடிவும் வேறொருவர் கையில். அவர் வீட்டில் இல்லையென்றால் அங்கேயே உட்கார்ந்து தொலைபேசியில் அவரிடம் நீங்களே பேசுங்கள். பேசும்போது "குழந்தைக்கு உடம்பு சரியில்லை" என்பது பயனில்லை. "மூச்சு ரெண்டு தடவை எண்ணினேன், 68, 66. அறுபதுக்குள்ள இருக்கணும். இதுக்கு வீட்டு வைத்தியம் கிடையாது, இன்னிக்குள்ள பார்க்கணும்" என்று எண்ணோடு சொல்லுங்கள்.

அடுத்து, தடையை நேராகக் கேளுங்கள். வண்டி யார் கொண்டுவருவார்? கையில் பணம் இருக்கிறதா? மூத்த குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்? கூட யார் போவார்? இந்த நாலில் ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் அவர்கள் போகப்போவதில்லை. அறிவுரையை இன்னும் அழுத்திச் சொல்வதால் மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வந்துவிடாது. நாலுக்கும் பதில் கிடைத்த பிறகு கிளம்பும் நேரத்தைக் கேட்டு, அவர்கள் வாயாலேயே சொல்ல வையுங்கள்.

மருத்துவமனைக்குக் கொடுத்தனுப்பும் சீட்டில் எழுத வேண்டியது: பிறந்த தேதி, நேரம், எடை, இன்று பார்த்த எண்கள், பார்த்த மணி, எந்த அறிகுறிக்காக அனுப்புகிறோம், கடைசியாகப் பால் குடித்த நேரம், கொடுத்த மருந்து ஏதாவது இருந்தால் அது, உங்கள் பெயர், எண். மருத்துவமனைக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டால் வாசலில் காத்திருப்பது குறையும். வழியில் குழந்தை தாயின் மார்பில் தோலோடு தோலாக, குல்லாவோடு இருக்கட்டும். குடிக்க முடிந்தால் பால் கொடுத்துக்கொண்டே போகலாம். வலிப்பிலோ மயக்கத்திலோ இருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

24 மணி நேரத்துக்குள் மறுபடி தொடர்புகொள்ளுங்கள். "போனீங்களா?" என்றால் போகாதவரும் "போனோம்" என்பார். "டாக்டர் என்ன சொன்னாங்க, என்ன மருந்து கொடுத்தாங்க?" என்று கேளுங்கள். போகவில்லை என்று தெரிந்தால் திட்டாதீர்கள், அடுத்த தடவை கதவு திறக்காது. எது தடுத்தது என்று கேட்டு அதை மட்டும் சரிசெய்யப் பாருங்கள். படிவத்தில் "அனுப்பப்பட்டது" என்ற ஒரு கட்டத்துக்குப் பதிலாக "அனுப்பியது", "போய்ச் சேர்ந்தது", "சிகிச்சை தொடங்கியது" என்று மூன்று கட்டம் வையுங்கள்.

நாட்காட்டி

செவிலியர் அல்லாதவர்கள் என்று தயங்கியது போலக் கேள்வி தொனித்தது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் மருத்துவர் அபய் பாங்கும் குழுவினரும் நடத்தி 1999இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வில் வீடு வீடாகப் போனவர்கள் பயிற்சி பெற்ற கிராமப் பெண்கள்தான். 39 கிராமங்களில், மூன்றாம் ஆண்டில், ஒப்பீட்டுக் கிராமங்களைவிடப் பச்சிளங்குழந்தை இறப்பு 62 சதவீதம் குறைந்தது. ஆனால் அதை மேற்கோள் காட்டுபவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: அங்கே தொற்றுக்கு ஆன்டிபயாடிக் ஊசியும் வீட்டிலேயே போடப்பட்டது, மேற்பார்வையும் நெருக்கமாக இருந்தது. பார்த்துவிட்டு மட்டும் வரும் திட்டத்துக்கு அந்த எண்ணைப் பொருத்திப் பேசக் கூடாது. கூடவேபோ சொன்ன மூன்று கட்டங்கள் உங்கள் விஷயத்தில் இவ்வளவு முக்கியமாவது அதனால்தான்.

நாள் கணக்கு: உலக சுகாதார நிறுவனத்தின் 2022 பரிந்துரைப்படி, முதல் 24 மணி நேரப் பராமரிப்புக்குப் பின் குறைந்தது மூன்று சந்திப்புகள்: 48 முதல் 72 மணி நேரத்துக்குள், 7 முதல் 14 நாளுக்குள், ஆறாம் வாரத்தில். முதல் சந்திப்பு மணியில் சொல்லப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். திங்கள் இரவு 11 மணிக்குப் பிறந்த குழந்தைக்கு 48 மணி நேரம் புதன் இரவு 11 மணிக்குத்தான் முடிகிறது, ஆகவே வியாழக்கிழமை பகலில் போக வேண்டும். பிறந்த நாளைச் சேர்த்து எண்ணினால் புதன் காலையிலேயே போய்விடுவீர்கள், அப்போது வயது ஒன்றரை நாள்கூட ஆகியிருக்காது. அன்று குறைவாகத் தெரிந்த மஞ்சள் வியாழனன்று கூடியிருக்கலாம். 2.5 கிலோவுக்குக் கீழே பிறந்தவர்களுக்கும் குறைமாதக் குழந்தைகளுக்கும் இந்த மூன்று போதாது, இடையில் கூடுதலாகப் போக வேண்டும். படிவத்தில் பிறந்த தேதிக்குப் பக்கத்தில் நேரத்துக்குக் கட்டம் இல்லையென்றால் அச்சுக்கு அனுப்பும் முன் அதைச் சேர்த்துவிடுங்கள்.